யாளி வாய் வழியாகத்தான் பார்க்கும்: மேடைக்கு ஒரு யாளி வேஷம் கட்ட முழு வழிகாட்டி

மதுரை புதுமண்டபத்தில் கடைகள் இருந்த நாட்களில், சிற்பத் தூண்களுக்கு நடுவே தையல் மிஷினைப் போட்டுக்கொண்டு, சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் வேஷ உடுப்பு தைத்துக்கொண்டிருப்பார்கள். கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. யாளிகள் அங்கேயேதான் நிற்கின்றன. திருமலை நாயக்கர் காலத்துச் சிற்பிக்கு ஒரு வசதி இருந்தது: அவர் செதுக்கிய யாளிக்குள்ளே ஆள் கிடையாது. அது மூச்சு விட வேண்டியதில்லை, மேடைப் படி இறங்க வேண்டியதில்லை, அதற்கு வேர்க்கவும் வேர்க்காது.

நாம் கட்டுகிற யாளிக்குள் ஒரு பிள்ளை இருக்கும். வேஷத்தைத் 'தைப்பது' என்று நம் ஊரில் யாரும் சொல்வதில்லை, 'கட்டுவது' என்றுதான் சொல்கிறோம். ஒரு ஆள்மேல் கட்டுவது. ஆளை விட்டுவிட்டுத் தனியாக ஒரு சிலை செய்து, கடைசியில் அதற்குள்ளே ஆளைத் திணித்தால் என்ன ஆகும் என்பதை நான் முதல் வேஷத்திலேயே பார்த்துவிட்டேன்.

அந்த யாளிக்குக் கண்ணில்தான் ஓட்டை போட்டேன். கண் என்றால் பார்ப்பதற்குத்தானே! ஆனால் யாளியின் கண் முட்டை மாதிரி பிதுங்கி, இரண்டு பக்கமும் விலகி இருக்கும். மனிதக் கண்கள் இரண்டுக்கும் நடுவே 6 சென்டிமீட்டர் சொச்சம்தான். அது ஒரு பள்ளி ஆண்டு விழா. எட்டாம் வகுப்புப் பையன் பகல் ஒத்திகையில் எப்படியோ சமாளித்துவிட்டான். இரவு மேடையில் நீல வெளிச்சம் மட்டும் போட்டதும் அவனுக்குத் திசையே போய்விட்டது. மைக் ஸ்டாண்டில் முட்டி, தடுமாறித் திரும்பி, மீதி ஆட்டம் முழுவதையும் பின்திரையைப் பார்த்து ஆடி முடித்தான். யாளிக்குக் கோபம் என்று நினைத்து ஜனங்கள் கைதட்டினார்கள். இறங்கி வந்தவன், "ஒண்ணுமே தெரியல மாமா. ஃபேன் காத்து எந்தப் பக்கம் வந்துச்சோ அந்தப் பக்கம் பாத்து ஆடிட்டேன்" என்றான்.

அன்றிலிருந்து என் யாளிகள் எல்லாம் வாய் வழியாகத்தான் பார்க்கின்றன. கீழே சொல்லும் முறையில் சிங்கமும் கட்டலாம், கரடியும் கட்டலாம், ஜடாயுவும் கட்டலாம். யாளியை எடுத்துக்கொண்டதற்குக் காரணம், அதில் எல்லாம் இருக்கிறது: சிங்க உடம்பு, கோரைப்பல், பிடரி, வேண்டுமானால் யானைத் துதிக்கை. இதைக் கட்டத் தெரிந்தால் மற்றதெல்லாம் இதில் பாதி வேலை. தினமும் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் மூன்று வாரம் ஆகும்.

1. கத்தரியைத் தொடும் முன் கேட்க வேண்டியவை

நாடகத்தையோ நடனத்தையோ நடத்துபவரிடம் போய், யாளி மேடையில் என்னென்ன செய்யப்போகிறது என்று கேளுங்கள். "சும்மா வந்து நிக்கும்" என்பார்கள். நம்பாதீர்கள். அடுத்த வாரம் அது குட்டிக்கரணம் போடும். குந்துகிறதா, உருளுகிறதா, படி ஏறுகிறதா, வசனம் பேசுகிறதா, யாராவது அதன்மேல் ஏறி உட்காருகிறார்களா, எத்தனை நிமிடம் மேடையில் இருக்கிறது என்று எல்லாவற்றையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

வசனம் பேசுகிற யாளி என்றால் முழு முகமூடி வேண்டாம். முகமூடிக்குள்ளிருந்து வரும் குரல் பானைக்குள் பேசுகிற மாதிரி இருக்கும். அதற்கு இரண்டு மாற்று வழிகள் உண்டு. ஒன்று, யாளித் தலையைக் கிரீடம் மாதிரி நெற்றிக்கு மேலே வைத்து, முகத்துக்கு வர்ணம் தீட்டிவிடுவது. இன்னொன்று, பொய்க்கால் குதிரை முறை. குதிரை உடம்பு இடுப்பில் தொங்கும், ஆடுபவர் முகம் வெளியே இருக்கும், கால் எல்லாம் திரைத்துணிக்குள் மறைந்துவிடும். தஞ்சாவூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித்தரத் தேவையில்லை. யாளிமேல் சவாரி செய்கிற காட்சி வந்தால் நான் இந்த முறைக்குத்தான் போவேன்.

ஆடுகிற, பேசாத யாளி என்று வைத்துக்கொண்டு மேலே போவோம்.

2. அளவு

தலைச் சுற்றளவு, நெற்றியிலிருந்து தாடை வரை, தோள் அகலம், மார்பு, இடுப்பு, கை நீளம், கால் உள்நீளம். இதெல்லாம் எந்த டெய்லரும் எடுப்பது. விலங்கு வேஷத்துக்கு இரண்டு அளவுகள் கூடுதலாக வேண்டும். முதலாவது, ஆளைக் குந்தி உட்காரவைத்து, பின்கழுத்திலிருந்து முதுகு வழியாகக் கால்களுக்கு இடையே வந்து முன்கழுத்து வரை ஒரு சுற்று. நின்றபடி எடுத்த அளவைவிட இது கணிசமாகக் கூடும். அந்த வித்தியாசத்தை விடாமல் தைத்தால் முதல் குந்தலிலேயே பின்பக்கம் கிழியும். கிழிகிற சத்தம் கடைசி வரிசைவரை கேட்கும். இரண்டாவது, கையை மேலே தூக்கச் சொல்லி, அக்குளிலிருந்து இடுப்பு வரை.

3. கரிநிழல் படம்

கோயிலுக்குப் போய் யாளியை நாலு பக்கமும் பாருங்கள். மீனாட்சியம்மன் கோயில் ஆயிரங்கால் மண்டபம், வேலூர் ஜலகண்டேசுவரர் கோயில் கல்யாண மண்டபம், கிருஷ்ணாபுரம் என்று எது பக்கமோ அங்கே. வீட்டுக்கு வந்து அதை வரைந்து, உள்ளே முழுக்கக் கறுப்பு மையால் நிரப்புங்கள். வெறும் நிழலாக இருக்கும்போது அது யாளியாகத் தெரிகிறதா, நாயாகத் தெரிகிறதா? நாயாகத் தெரிந்தால் எத்தனை அழகாக வர்ணம் அடித்தாலும் ஐம்பதடி தூரத்தில் அது நாய்தான்.

யாளியை யாளியாக்குவது மூன்று விஷயம்: பிதுங்கிய கண்ணும் அதன் மேல் எழும்பி நிற்கும் புருவமும், பிளந்த வாயின் கோரைப்பல், அகன்ற மார்புக்குக் கீழே சட்டென்று ஒடுங்கும் இடுப்பு. இந்த மூன்றையும் ஒன்றரை மடங்கு பெரிதாக்குங்கள். மற்றதை விட்டுவிடலாம். கோபுரத்துச் சுதைச் சிற்பத்தை ஏணி போட்டு ஏறிப் பக்கத்தில் பார்த்தால் கண்ணும் மூக்கும் கோரமாகத்தான் இருக்கும். கீழே இருந்து பார்க்கிறவனுக்காகச் செய்தது அது.

4. தலைக்குள் சும்மாடு

நேரே முகம் செய்ய உட்கார்ந்துவிடாதீர்கள். முதலில் ஹார்டுவேர் கடையில் கட்டட வேலைக்காரர்கள் போடும் ஹெல்மெட் ஒன்று வாங்குங்கள். நமக்கு வேண்டியது உள்ளே இருக்கும் பட்டைக்கூடு. பின்னால் திருகினால் தலைக்கு ஏற்ப இறுகும் வகையாகப் பார்த்து வாங்க வேண்டும். அதைக் கழற்றி, தாடைக்கு ஒரு பட்டை சேர்த்தால் அடித்தளம் தயார். செங்கல் சுமக்கிறவர்கள் சும்மாடு வைப்பது எதற்காகவோ அதற்காகத்தான் இதுவும். பாரம் உச்சந்தலையில் ஒரே புள்ளியில் இறங்காமல் சுற்றிப் பரவ வேண்டும்.

எடை விஷயத்தில் நான் கறார். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு முழுத் தலையும் 1 கிலோவுக்குள், பெரியவர்களுக்கு ஒன்றரைக்குள். ஒவ்வொரு பாகத்தையும் சமையலறைத் தராசில் வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். தெருக்கூத்தில் கிரீடம், புஜக்கட்டை எல்லாம் கல்யாண முருங்கை மரத்தில் செய்கிறார்கள். விடிய விடிய ஆடுகிறவருக்குக் கனமில்லாத மரம்தானே வேண்டும்!

எடை குறைவாக இருந்தாலும் முன்பக்கமாக இழுத்தால் கழுத்து பத்து நிமிடத்தில் தொங்கிவிடும். ஆகவே யாளி மூக்கை முகத்தை விட்டு முன்னால் நீட்டாதீர்கள், மேல்நோக்கி நீட்டுங்கள். அதாவது யாளியின் மேல்தாடை ஆளின் புருவத்துக்கு நேரே வரட்டும். யாளியின் கண் ஆளின் தலைமுடிக்கு மேலே இருக்கும். பிளந்த வாய்க்குள்தான் ஆளின் கண்கள். ஆள் ஒரு சாண் உயரமாகவும் தெரிவார், அது இலவசம்.

5. முகம்: களிமண், மைதா, பழைய பேப்பர்

முகத்தை நான் காகிதத்தில்தான் செய்கிறேன். ஃபைபர் என்றால் செலவு, அந்த நாற்றமும் ஆகாது. தெர்மகோல் வேண்டவே வேண்டாம். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

பலகையின் மேல் களிமண்ணில் முகத்தைப் பிடியுங்கள். புருவம், மூக்கு, கன்னம், மேல்தாடை மட்டும் போதும். கண் குழியை மட்டும் விடுங்கள், கண்ணைப் பிறகு வைக்கலாம். மேல்தாடைக்கு அடியில் ஆளின் முகம் வர வேண்டும் என்பதால், அளவை அடிக்கடி நூலால் சரிபாருங்கள். வழவழப்பாக்கி, ஈரம் லேசாக வற்றியதும் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவிவிடுங்கள்.

பசைக்கு ஒரு பங்கு மைதா, ஐந்து பங்கு தண்ணீர். பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துக்கொண்டு, பிறகு அடுப்பில் வைத்துக் கிளற வேண்டும். வெள்ளை நிறம் மாறிக் கண்ணாடி மாதிரி வந்ததும் இறக்கிவிடலாம். போஸ்டர் ஒட்டுகிறவர்கள் பூச்சி வராமலிருக்க இதில் மயில்துத்தம் போடுவார்கள். முகத்துக்குப் பக்கத்தில் வரும் பொருளில் அது கூடாது, விஷம். வேப்பெண்ணெய் சில சொட்டு போதும். பிள்ளைகள் நாறுகிறது என்பார்கள், இரண்டு நாளில் போய்விடும்.

பேப்பரை வெட்டாதீர்கள், ஒரு அங்குல அகலத்துக்குக் கிழியுங்கள். வெட்டிய விளிம்பு கோடாக நிற்கும், கிழித்த விளிம்பு கலந்துவிடும். ஒரு வரிசை செய்தித்தாள், அடுத்த வரிசை பழுப்புக் காகிதம் என்று மாற்றி மாற்றி ஒட்டினால் எந்த இடத்தில் எத்தனை அடுக்கு போட்டோம் என்பது நிறத்திலேயே தெரியும். மொத்தம் ஆறு அடுக்கு, இரண்டு அடுக்குக்கு ஒரு நாள் காய்ச்சல். முதல் நாளே வெயிலில் வைத்தால் வளைந்துவிடும். நிழலில் காயவிட்டுக் கடைசி நாள் மட்டும் வெயில் காட்டுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் செய்கிறவர்கள் நாளை இரட்டிப்பாக வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டு விழாக்கள் பெரும்பாலும் டிசம்பருக்குப் பிறகுதான் வருகின்றன, வேலையோ அடைமழையில்தான் நடக்கும். ஒரு தடவை என் யாளிக்கு மூக்கில் பூஞ்சணம் பூத்து, புளியோதரைப் பொட்டலம் மாதிரி மணத்தது.

விரலால் சுண்டினால் 'டக்' என்று சத்தம் வர வேண்டும். 'தொப்' என்று வந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. காய்ந்ததும் களிமண்ணைக் குடைந்து எடுத்து, விளிம்பை நறுக்கி, உட்புறம் ஃபெவிகாலைத் தண்ணீர் விட்டு இரண்டு கை அடியுங்கள். வியர்வை பட்டால் மைதா மறுபடியும் பசையாகிவிடும், அதைத் தடுக்கத்தான் இது. மேற்பரப்புக்குக் காகிதக்கூழ், சாக் பவுடர், ஃபெவிகால் மூன்றையும் சப்பாத்தி மாவு பதத்தில் பிசைந்து புருவச் சுருக்கம், மூக்குத் துளை விளிம்பு எல்லாம் எழுப்புங்கள். கொலு பொம்மை செய்கிறவர்கள் கையைப் பார்த்திருந்தால் இந்த இடம் சுலபம். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் முகம் முடிந்தது.

கண்ணுக்கு இரண்டாகப் பிளந்த பிளாஸ்டிக் பந்து. கோரைப்பல்லை மட்டும் காகிதத்தில் செய்யாதீர்கள், பக்கத்தில் ஆடுகிற பிள்ளையின் கண்ணில் குத்தும். அதற்கு ஃபோம் ஷீட்.

6. மண்டையும் பிடரியும்: ஃபோம் ஷீட் வேலை

பின்மண்டைக்கு 5 மில்லிமீட்டர் ஈவிஏ என்கிற ஃபோம் ஷீட். செருப்பு தைக்கும் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும், பழைய யோகா மேட்டிலும் சில இந்த வகைதான். கீழே விழுந்தாலும் உடையாது, இதன் பெரிய நன்மை அது.

பட்டைக்கூட்டை ஆளின் தலையில் மாட்டி, அதன்மேல் செய்தித்தாளைப் பந்தாகச் சுருட்டிச் சுருட்டி வேண்டிய வடிவம் வரும்வரை வைத்து, மாஸ்கிங் டேப்பால் சுற்றிவிடுங்கள். டேப்பின் மேல் ஆரஞ்சுச் சுளைபோலக் கோடு போட்டு, கழற்றி, கோட்டில் வெட்டி விரித்தால் அதுதான் மாதிரி. அதை ஷீட்டில் வைத்து வரைந்து வெட்டுங்கள். கட்டர் பிளேடை அடிக்கடி ஒடித்துப் புதுமுனை வையுங்கள். மழுங்கிய பிளேடு ஷீட்டை வெட்டாது, மென்று துப்பும்.

ஒட்டுவதற்குச் செருப்புக் கடைக்காரர்கள் சொல்யூஷன் என்று சொல்கிற ரப்பர் பசை. இரண்டு விளிம்பிலும் மெல்லிசாகத் தடவி, பத்து நிமிடம் அப்படியே விடுங்கள். விரல் வைத்தால் பசை விரலோடு வராமல், லேசாகப் பிடித்து விட வேண்டும். அந்தப் பதத்தில் சேர்த்தால் பிடித்தது பிடித்ததுதான், நகர்த்த முடியாது. ஆகவே இரண்டு முனைகளையும் நடுவையும் முதலில் சேர்த்துவிட்டு மற்றதை அழுத்துங்கள். மொட்டை மாடியில் வைத்துச் செய்யுங்கள். அறைக்குள் என்றால் தலை சுற்றும். பக்கத்தில் ஊதுபத்திகூட இருக்கக் கூடாது.

இந்தப் பசையைத்தான் நான் ஒரு தடவை தெர்மகோல் சிங்கத்துக்குத் தடவினேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் தாடை உப்பு மாதிரி கரைந்து உள்ளே போய்விட்டது. ஸ்ப்ரே பெயிண்டும் தெர்மகோலை இதே மாதிரிதான் தின்னும்.

ஒட்டி முடிந்ததும், சூடான காற்றை ஊதும் ஹீட் கன் காட்டுங்கள். ஷீட்டின் மேற்பரப்பு லேசாகப் பளபளக்கும்போது நிறுத்திவிட வேண்டும். அப்போது கையால் வளைத்துப் பிடித்து ஆறவிட்டால் வளைவு அப்படியே நிற்கும். காகித முகத்தையும் இந்த மண்டையையும் துணிப்பட்டையும் சொல்யூஷனும் வைத்து உள்பக்கமாக இணையுங்கள். பட்டைக்கூட்டை ஃபோம் கட்டைகள் வைத்து நாலு இடத்தில் கேபிள் டை போட்டுக் கட்டுங்கள். ஒட்டாதீர்கள், கட்டுங்கள். துவைக்கக் கழற்ற வேண்டியிருக்கும்.

யாளியின் பிடரி சிங்கத்துக்கு இருப்பதுபோல் பறக்காது. கல்லில் அதைச் சுருள் சுருளாகத்தான் செதுக்கியிருப்பார்கள், முறுக்கு அடுக்கிய மாதிரி. 2 மில்லிமீட்டர் ஷீட்டை ஒரு பக்கம் குறுகலான பட்டைகளாக வெட்டிச் சூடு காட்டி, பென்சிலில் சுற்றி ஆறவிட்டால் சுருள் தயார். கழுத்திலிருந்து மேல்நோக்கி, ஓடு வேய்கிற மாதிரி ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டுங்கள். நாற்பது, ஐம்பது சுருள் ஆகும். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் இந்த வேலையைக் கொடுத்துவிடலாம், ஹீட் கன்னை மட்டும் நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். சணல் நாரில் பிடரி செய்தால் அழகாகத்தான் இருக்கும். ஆனால் குத்துவிளக்கு ஏற்றுகிற மேடைக்குப் பக்கத்தில் எனக்குத் தைரியம் வராது.

கீழ்த்தாடை அசைய வேண்டும் என்று எல்லோரும் கேட்பார்கள். ரப்பர் பட்டை போட்டு ஆளின் தாடையோடு இணைத்தால் அசையும்தான். மூன்றாவது காட்சியில் பட்டை நழுவி, யாளி வாய்க்கோணி நிற்கும். திறந்த வாயாகவே விட்டுவிட்டு, தலையை மேலும் கீழும் ஆட்டச் சொல்லிக்கொடுங்கள். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அது உறுமுகிற மாதிரியேதான் இருக்கும்.

7. பார்வையும் காற்றும்

வாய்க்குள் கறுப்பு வலைத்துணி. வெளிச்சம் வெளியே, இருட்டு உள்ளே என்பதால் பார்ப்பவருக்கு வாய் வெறும் இருட்டுக் குகையாகத் தெரியும், உள்ளே இருப்பவருக்கு எல்லாம் தெரியும். வெள்ளை வலை போட்டால் இது நேர்மாறாகிவிடும். மேடை விளக்கு அதில் பட்டுக் கண்ணைக் கூசும். சிவப்புத் துணியில் நாக்கு வைக்கலாம், பக்கவாட்டில் தொங்கட்டும்.

சோதிக்க ஒரு எளிய வழி. தரையில் ஆளின் காலடியிலிருந்து நேராக ஒரு சாக்பீஸ் கோடு போடுங்கள். தலையை மாட்டி, குனியாமல், கோடு எங்கிருந்து தெரிகிறது என்று காட்டச் சொல்லுங்கள். ஐந்தடிக்குள் தெரிந்தால் மேடை விளிம்பில் நிற்க முடியும். அதற்கு அப்பால் என்றால் கீழ்த்தாடையை நறுக்க வேண்டியதுதான், எவ்வளவு அழகாக வந்திருந்தாலும் சரி.

காற்றுக்குப் பிடரிச் சுருள்களுக்கு அடியில் பத்துப் பன்னிரண்டு துளைகள் போடுங்கள், யாருக்கும் தெரியாது. சூடான காற்று மேலே போகும் என்பதால் உச்சியிலும் இரண்டு. 5 வோல்ட் சின்ன விசிறி ஒன்றை உச்சியில் வெளிநோக்கி வைத்துப் பவர் பேங்கில் ஓட்டலாம். பவர் பேங்கைப் பின்மண்டையில் வையுங்கள், முன்பக்கம் இழுக்கும் முகத்துக்கு அதுவே எதிர்எடை. விசிறியின் உள்பக்கம் வலை போட மறந்தால் தலைமுடி சுற்றிக்கொள்ளும்.

8. உடம்பு

யாளிக்கு ரோமத் துணி தேவையில்லை. கல்லில் அதன் உடம்பு வழவழவென்று, தசை புடைத்துத்தான் இருக்கும். நாலு பக்கமும் இழுபடும் லைக்ரா துணி போதும். வெயில் ஊரில் பிள்ளையை ரோமத் துணிக்குள் அடைக்காமல் விட்டதற்கு அம்மாக்கள் வாழ்த்துவார்கள்.

கரடியோ சிங்கமோ கட்டுகிறவர்கள் ரோமத் துணி வாங்கத்தான் வேண்டும். அவர்களுக்கு இரண்டே வார்த்தை. ரோமம் தலையிலிருந்து வாலை நோக்கிப் படிய வேண்டும், எல்லாத் துண்டுகளிலும் பின்பக்கத்தில் அம்புக்குறி போட்டுக்கொள்ளுங்கள். வெட்டும்போது கத்தரி வேண்டாம். பின்பக்கத்திலிருந்து பிளேடால் அடித்துணியை மட்டும் கீறுங்கள், இல்லாவிட்டால் தையல் இடமெல்லாம் மொட்டையடித்த மாதிரி கோடு விழும். அசல் தோல், நகம் என்று யாராவது பெருமையாகக் கொண்டுவந்தால் தொடாதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் மேடை நாடகம் என்று விலக்கு தராது.

தசைக்கு ஒரு அங்குல ஸ்பாஞ்ச். மார்பு, தோள், தொடையின் முன்பக்கம், கெண்டைக்காலின் பின்பக்கம். இடுப்பில் ஒன்றும் வைக்காதீர்கள், அது ஒடுங்கித் தெரிந்தால்தான் மார்பு அகலும். தொடை முன்னாலும் கெண்டை பின்னாலும் புடைத்தால் மனிதக் கால் விலங்கின் பின்னங்கால் மாதிரி மடங்கித் தெரியும். ஸ்பாஞ்சின் ஓரத்தைக் கத்தரியால் சரிவாகச் சீவுங்கள், அப்படியே விட்டால் மெத்தை கட்டிய மாதிரி இருக்கும். இவற்றை ஒரு பருத்தி உள்பனியனில் வலைப் பைகள் தைத்து அதற்குள் செருகிவையுங்கள். வியர்வையில் ஊறிய ஸ்பாஞ்ச் லேசில் காயாது. கழற்ற முடிந்தால்தான் அடுத்த நாள் நிகழ்ச்சிக்கு உதவும்.

அக்குளிலும் கால் இடுக்கிலும் டைமண்ட் வடிவத் துண்டு கூடுதலாக வைத்துத் தையுங்கள். குந்துவதற்கும் கை தூக்குவதற்கும் விட்ட துணி அங்கேதான் போகிறது. மேல், கீழ் இரண்டும் தனித்தனியாக இருக்கட்டும், இடுப்பில் ஒரு அங்கவஸ்திரம் கட்டி இணைப்பை மறைத்துவிடலாம். ஒரே துண்டாக, முதுகில் ஜிப் வைத்துத் தைத்தால் பார்க்க நேர்த்திதான். ஆனால் திரை தூக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது பிள்ளை "ஒண்ணுக்கு வருது" என்று சொல்லும். நிச்சயம் சொல்லும்.

வாலைப் பேண்ட்டில் தைக்காதீர்கள். இழுத்துக்கொண்டு போய்விடும். அகலமான இடுப்பு பெல்ட்டில் ரெக்சின் ஒட்டிய அட்டையைத் தைத்து, அதில் வாலைக் கட்டி, பேண்ட்டில் ஓட்டை வழியாக வெளியே விடுங்கள். உள்ளே மெல்லிய பிரம்பு, மேலே ஸ்பாஞ்ச். கம்பி வைத்தால் யாராவது ஒருவர் காலில் குத்தும்.

பாதத்துக்குப் பழைய கேன்வாஸ் ஷூ. அதன்மேல் ஸ்பாஞ்சும் துணியும் ஒட்டி நகம் வைக்கலாம். ஆனால் அடிப்பாகம் ஷூவின் சொந்த ரப்பராகவே இருக்கட்டும். அடியில் துணி போட்டால் மெழுகிய மேடையில் சறுக்கிக்கொண்டே போவார். முன்னங்கைக்கு நாலு விரல் கையுறை. நாடக சாமான் கடையில் கழுத்துக்கு ஒரு சலங்கைக் கோர்வை வாங்கி மாட்டிவிடுங்கள். சிற்பத்திலும் யாளி கழுத்தில் மணிமாலை உண்டு. தவிர, கூட ஆடுகிறவர்களுக்கு யாளி எந்தப் பக்கம் வருகிறது என்பது சத்தத்திலேயே தெரியும்.

9. வர்ணம்

ஃபோம் ஷீட் வர்ணத்தை உறிஞ்சும். அதனால் ஃபெவிகாலும் தண்ணீரும் சரிபாதி கலந்து மூன்று கை அடித்துக் காயவிட்டபின் அக்ரிலிக் அடியுங்கள். லைக்ராவுக்கு ஃபேப்ரிக் பெயிண்ட், ஆள் போட்டுக்கொண்டு நிற்கும்போது அடிக்க வேண்டும். தட்டையாக விரித்து அடித்தால், மாட்டியதும் இழுபட்டு வெடிக்கும்.

கல் நிறமா, கோபுர நிறமா? நான் கோபுரத்தின் பக்கம். சாம்பல் நிற யாளி போட்டோவில் கம்பீரமாக இருக்கும், மேடையில் பின்திரையோடு கரைந்துவிடும். பச்சையோ நீலமோ உடம்புக்கு, பிடரிக்கு மஞ்சள், வாய் ஓரத்துக்குச் சிவப்பு, எல்லாவற்றையும் பிரித்துக் காட்டக் கறுப்புக் கோடு. முன்கூட்டியே லைட்காரரிடம் என்ன நிறம் போடப்போகிறார் என்று கேட்டுவிடுங்கள். சிவப்பு வெளிச்சத்தில் பச்சை கறுத்துவிடும், சிவப்பு வெளிறிவிடும். மஞ்சள் வெளிச்சத்தில் நீலம் கறுக்கும். அந்த நிற ஜெலட்டின் தாள் சுற்றிய டார்ச் அடித்துப் பார்த்தாலே போதும், நடு ராத்திரியில் அதிர்ச்சி அடைய வேண்டியதில்லை.

கடைசிக் கை வார்னிஷ் பளபளப்பில்லாததாக இருக்கட்டும். கண், நாக்கு, பல் மூன்றுக்கு மட்டும் பளபளப்பு வார்னிஷ். அந்த மூன்று மட்டும் ஈரமாக மின்னும்போதுதான் யாளிக்கு உயிர் வருகிறது. கண்மணியின் மேல்பக்கத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி வைத்துவிட்டு, அறையின் மறுகோடியில் போய் நின்று பாருங்கள். ஏற்கெனவே பார்த்த முகம்தான், ஆனால் அது இப்போது உங்களைப் பார்க்கும்.

10. ஒத்திகையும் மேடையும்

வேஷத்தோடு குறைந்தது மூன்று ஒத்திகை. முதலில் வெறும் தலை, பிறகு தலையும் பாதமும், கடைசியில் முழுசு. பிள்ளைகளுக்குத் தலை மாட்டிய நேரம் ஒரே மூச்சில் பத்து நிமிடத்தைத் தாண்டக் கூடாது. மேடைக்குப் போக ஒரு நிமிடம் இருக்கும்போது மாட்டி, இறங்கியதும் கழற்றிவிட வேண்டும். மோர் கையில் இருக்கட்டும்.

மூச்சுத் திணறினாலோ தலை சுற்றினாலோ காட்ட ஒரு சைகை பேசி வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் குழுவில் இரண்டு கையையும் யாளியின் தலைமேல் வைத்தால், இசை நடுவில் இருந்தாலும் சரி, ஆள் போய்க் கூட்டி வந்துவிட வேண்டும். மெலட்டூர் பாகவத மேளா நாட்டிய நாடகத்தில் நரசிம்ம வேஷக்காரர் ஆவேசம் வந்து ஆடும்போது பக்கத்திலிருந்து ஆட்கள் அவரைப் பிடித்துக்கொள்வார்கள். நம் யாளிக்கும் இறங்கும்போது ஒரு ஆள் கட்டாயம் வேண்டும், ஆவேசத்துக்காக இல்லை, படிக்கட்டுக்காக.

ஸ்பாஞ்ச், ஃபோம், லைக்ரா எல்லாமே சட்டென்று தீப்பிடிக்கும், புகையும் கெட்டது. குத்துவிளக்கு, கற்பூரம், மேடையில் விடுகிற புஷ்வாணம் எதற்கும் பத்தடிக்குள் யாளி வரக் கூடாது. ஏற்பாட்டாளர் "ஒண்ணும் ஆகாது" என்றால் தலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

11. நிகழ்ச்சி முடிந்த பிறகு

அன்றிரவே மூட்டை கட்டாதீர்கள். உள்பனியன், பட்டைக்கூட்டின் நெற்றித்துணி, கையுறை மூன்றையும் துவையுங்கள். ஸ்பாஞ்சை எடுத்து நிழலில் காயவையுங்கள். தலையைக் கவிழ்த்து வைத்தால் வியர்வை உள்ளேயே தேங்கும். ஒரு குடத்தின் மேல் தொப்பி மாதிரி மாட்டி, ஃபேன் போட்டுவிடுங்கள்.

பரணில், தகரக் கூரைக்கு அடியில் வைத்தால் சித்திரை வெயிலில் சொல்யூஷன் விட்டுப்போய், பிடரிச் சுருள் எல்லாம் நிமிர்ந்துவிடும். அப்புறம் எலி. மைதாப் பசை எலிக்கு விருந்து. வேப்பெண்ணெயைப் பார்த்து அது பயப்படும் என்று நானும் நம்பினேன். போன வருஷம் என் யாளிக்கு இடது காது போய்விட்டது. இப்போது மூடி இறுக்கமான பெரிய பிளாஸ்டிக் டப்பாவில், இரண்டு சிலிக்கா பாக்கெட் போட்டு வைக்கிறேன்.